ஓ'நீல் உறைந்து கிடந்தாரே, எப்படி எழுந்து வந்தார்?

ஸ்டார்கேட் எஸ்ஜி-1 என்ற அறிவியல் புனைவு டிவி தொடரின் ஏழாம் சீசன் கடைசியில் அதன் நாயகன் ஓ'நீல் அண்டார்டிகாவில் உறைந்து கிடந்தார், கிளைத் தொடரான அட்லாண்டிஸின் முதல் எபிசோடிலோ ஜெனரலாகிச் சாதாரணமாக நடமாடுகிறார், நடுவில் எதையோ விட்டுவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், விட்டுவிட்டீர்கள். எஸ்ஜி-1 எட்டாம் சீசன் ஆரம்பத்தில் 'நியூ ஆர்டர்' என்று இரண்டு பாகம் இருக்கிறது. அவரை எழுப்புவது, பதவி உயர்வு எல்லாம் அதில்தான். அதைப் பார்த்துவிட்டு அட்லாண்டிஸின் முதல் எபிசோடான 'ரைசிங்'கை மறுபடி ஓட்டுங்கள். அண்டார்டிகாவில் விமானி ஷெப்பர்ட் விளையாட்டாய் உட்கார்ந்ததுமே, ஆயுதங்களை இயக்கும் அந்தப் பழங்கால நாற்காலி ஒளிர்கிறதே, அதே நாற்காலியில்தான் ஓ'நீல் பூமியைக் காப்பாற்றினார். அந்தக் காட்சியின் கனம் அப்போதுதான் புரியும்.

அட்லாண்டிஸ் குழுவின் தலைவி டாக்டர் வியர் முகமே மாறியிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். எஸ்ஜி-1 ஏழாம் சீசனில் அந்த வேடத்தில் நடித்தவர் ஜெசிகா ஸ்டீன், பிறகு டோரி ஹிகின்சன். அவ்வளவுதான்.

இரண்டு தொடரும் 2004 முதல் ஒரே சமயத்தில் ஓடியவை. அதனால் எஸ்ஜி-1 எட்டோடு அட்லாண்டிஸ் ஒன்று, ஒன்பதோடு இரண்டு, பத்தோடு மூன்று என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் தேதி பார்த்து அடுக்குவதெல்லாம் வெட்டி வேலை. ஆனால் எஸ்ஜி-1 பத்தாம் சீசனையும் அதன் தொடர்ச்சியான 'ஆர்க் ஆஃப் ட்ரூத்' படத்தையும் முடிக்காமல் அட்லாண்டிஸ் நான்கைத் தொடாதீர்கள். ஏன் என்று இப்போதே சொன்னால் சுவாரசியம் போய்விடும்.