மகனை இழந்த வயதான அம்மாவை எப்படித் தேற்றுவது?

அப்பா தவறிப் பல வருடம் ஆகிறது, இப்போது அண்ணனும் போய்விட்டார், அம்மாவுக்கு எதைச் சொல்லி ஆறுதல் தருவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வயது 73. கணவர் போய் 11 வருடம், மகன் போய் 4 வருடம்.

உங்கள் வீட்டிலும் இப்போது யாரும் அண்ணன் பேச்சை எடுக்க மாட்டீர்கள். அம்மா அழுதுவிடுவாரோ என்ற பயம். என் மகளும் அப்படித்தான் இருந்தாள். நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று மாறும். அவன் பிறக்கவே இல்லை என்பது போல வீடு நடந்துகொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏழு மாதம் கழித்து, அவனோடு வேலை பார்த்த பையன் ஒருவன் வந்தான். இரவல் வாங்கிய ஸ்க்ரூடிரைவர் செட்டைத் திருப்பிக் கொடுக்க. வாசலோடு போகப் பார்த்தவனை உட்கார வைத்தேன். பெட்டியைத் திறந்தால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிளாஸ்திரி ஒட்டி அளவு எழுதியிருந்தது. என் மகனுடைய சாய்ந்த எழுத்து. "ராத்திரி ஷிப்டில் எங்களுக்குத் தூக்கம் வந்தால் அண்ணன் பாடுவார்மா" என்றான். 42 வருடத்தில் அவன் பாடி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. போனவனைப் பற்றிப் புதிதாக ஒரு சேதி வரும் என்று நினைக்கவே இல்லை. அன்று நிறைய அழுதேன். அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன்.

அதனால் அண்ணனின் நண்பர்களை அம்மாவிடம் பேசச் சொல்லுங்கள். புண்ணைக் கிளறாதே என்று சிலர் சொல்வார்கள். எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நானும் சொல்லவில்லை. அம்மா வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆறு மாதம் தாண்டியும் அன்றாடக் காரியமே ஓடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீடித்த துக்கத்தை உலக சுகாதார நிறுவனமே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இன்னொன்று. மகன் போன நாலாம் நாள் எனக்கு நெஞ்சுவலி. ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை, டகோட்சுபோ என்றார்கள். பெரிய அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை உப்பிக்கொண்டு சரியாகச் சுருங்காமல் போகுமாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வரும், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். இதையெல்லாம் டாக்டர் என் மகளிடம்தான் சொன்னார். "சாப்பிடுறாங்களா?" என்றுகூட அவளைத்தான் கேட்டார். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் துக்கத்தில் வருவதுதானே என்று விட்டுவிடாமல் உடனே கூட்டிப்போங்கள். அங்கே டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசினால், அம்மாவிடம் சொல்லுங்கள் டாக்டர் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.