முதன்முறையாக வெளிநாட்டு ஊழியக் குழுவாகப் போகிறோம், என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

கேள்வி இது: மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபையிலிருந்து ஒரு டாக்டர், 2 நர்ஸ் உட்பட 8 பேர், உகாண்டாவில் ஒரு கிராமச் சபைக்கு 2 வாரம் மருத்துவ முகாமும் ஊழியமுமாகப் போகிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

அழைப்புக் கடிதத்திலிருந்து தொடங்குங்கள். அங்குள்ள சபை என்ன கேட்டிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். "வாருங்கள், ஆசீர்வாதமாக இருக்கும்" என்று மட்டும் இருந்தால் அது போதாது. என்ன வேலை, எத்தனை நாள், உள்ளூரில் யார் பொறுப்பு, நீங்கள் திரும்பிய பிறகு அதை யார் தொடர்வார்கள் என்று எழுதிக் கேளுங்கள். இதைக் குமரி மாவட்டத்துக்காரருக்கு விளக்கவே தேவையில்லை. 1806ல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே நம் மாவட்டத்து மயிலாடிக்கு வந்ததற்கு முன்னால், அந்த ஊர்க்காரர் வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை போய் மிஷனரி வேண்டும் என்று கேட்டிருந்தார். நெய்யூரில் 1838ல் தொடங்கிய மருத்துவ ஊழியம் நிலைத்ததும் ஆட்கள் வந்து தங்கியதால்தான். 1922ல் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல், அதன் பிறகு நெய்யூரில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். 2 வாரக் குழுவால் அது முடியாது. அதனால் அந்த 2 வாரத்துக்குள் முடிகிற வேலையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் முன்பே காகித வேலையைத் தொடங்க வேண்டும். பாஸ்போர்ட்டில் பயண நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். நம்மிடம் அதிகம் சிக்கல் வருவது பெயரில்தான். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவில் இன்னொரு பெயர், இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் விரித்து எழுதியது என்று இருக்கும். டிக்கெட், விசா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான அட்டை மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தே வர வேண்டும். சபைச் செயலர் 8 பேருக்கும் மொத்தமாக விண்ணப்பம் போடும்போது பாஸ்போர்ட் நகலைப் பக்கத்தில் வைத்துத் தட்டச்சு செய்யட்டும்.

விசாவில் ஒளிவுமறைவு வேண்டாம். சுற்றுலா விசாவில் போய் நோயாளிகளைப் பார்ப்பதும் மேடை போட்டுப் பிரசங்கிப்பதும் தவறு. மாட்டினால் நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், கூப்பிட்ட போதகர்தான் அங்கே பதில் சொல்லிக்கொண்டு நிற்பார். உங்கள் வேலைக்கு எந்த அனுமதி பொருந்தும் என்று அந்தச் சபை அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கட்டும். டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும் அந்த நாட்டு மருத்துவ கவுன்சில், நர்சிங் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வேண்டும். இங்குள்ள பதிவுச் சான்றிதழ் அங்கே செல்லாது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் போட்டால்தான் அட்டை கிடைக்கும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், பிறகு ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயது கடந்தவர்கள் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும். அட்டை திரும்பி வரும்போதும் தேவை. இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஆகவே அதைச் செக்-இன் பெட்டியில் போடாமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

மலேரியா தடுப்பு மாத்திரையை டாக்டரே முடிவு செய்யட்டும். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் என்றால் கணக்கு இப்படி: போவதற்கு 2 நாள் முன்பு தொடங்கி, அங்கே 14 நாள், திரும்பிய பின் 28 நாள். ஆளுக்கு 44 மாத்திரை. முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பலரும் வீடு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். மலேரியாக் கிருமி ஈரலில் தங்கி, பிறகுதான் ரத்தத்துக்கு வரும். அப்போது பிடிக்கத்தான் அந்த 28 நாள்.

குளத்தில் குளித்துப் பழகின நமக்கு விக்டோரியா ஏரியைப் பார்த்ததும் இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள். அந்தத் தண்ணீரில் நத்தை வழியாகப் பரவும் புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். இன்னொன்று, வெளியே காயப்போட்ட துணி. ஈரத் துணியில் ஒருவகை ஈ முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து கட்டியாகும். உள்ளாடை, துவாலை உட்பட எல்லாத்தையும் இரண்டு பக்கமும், தையல் ஓரத்திலும் சூடாக இஸ்திரி போட்டால் முட்டை செத்துவிடும். வெறுங்காலோடு மண்ணில் நடக்காதீர்கள்.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். மரச்சீனி (மரவள்ளி), சக்கை (பலா) எல்லாம் அங்கேயும் உண்டு. வேகவைத்து மசித்த பச்சை வாழைக்காய் மத்தோக்கே. ஏத்தங்காய் தின்று வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றும் புதிதல்ல.

முகாமுக்கு மருந்து சேர்க்கிறோம் என்று சபையில் அறிவித்தால், டாக்டர்களுக்கு வந்த சாம்பிளும் வீட்டில் மிஞ்சியதும் பெட்டி பெட்டியாக வரும். எதையும் எடுத்துப் போகாதீர்கள். தானமாகப் போகும் மருந்துக்கு, அங்கு சேரும்போது குறைந்தது ஒரு வருடம் காலாவதி மீதம் இருக்க வேண்டும், மிஞ்சியதும் சாம்பிளும் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதியும் வேண்டும். தலைநகர் கம்பாலாவிலேயே வாங்குங்கள், இந்திய மருந்துகள் தாராளமாகக் கிடைக்கும். ரத்த அழுத்தக்காரருக்கு 10 நாள் மாத்திரை கொடுத்துவிட்டு வருவது வைத்தியமே ஆகாது. அளந்து, சீட்டில் எழுதி, பக்கத்து ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்ப்பதுதான் உதவி. +1 முதல் +3 வரை பவர் உள்ள வாசிப்புக் கண்ணாடிகள் மட்டும் 100 கொண்டு போகலாம். எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் வேதாகமத்தை மூடி வைத்திருந்த கிழவி அன்றே வாசிப்பார்.

பணத்தில் இரண்டு எச்சரிக்கை. ஆளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாக எடுக்கலாம். பழைய, கிழிந்த, பேனா கிறுக்கிய டாலர் நோட்டை அங்கே மாற்ற மறுப்பார்கள். சபை அறக்கட்டளைப் பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால் அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கு பொதுவாகக் கிடைக்காது. ஆடிட்டரிடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம். அவரவர் செலவை அவரவர் போடுவதே சுத்தம். உங்கள் சாப்பாடு, வண்டி டீசல் இரண்டுக்கும் அந்தச் சபைக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வெட்கப்பட்டுக் கேட்கமாட்டார்கள்.

பிரசங்கிப்பவர் மொழிபெயர்ப்பாளரோடு நிற்கும்போது அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகும். ஆகவே பாதியாகச் சுருக்குங்கள். சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். இரவில் சாலைப் பயணமும் பைக் டாக்சியும் அறவே வேண்டாம். குழந்தைகளை, முக்கியமாக நோயாளிக் குழந்தைகளைப் படம் எடுத்து குரூப்பில் போடாதீர்கள்.

திரும்பி வந்து 3 மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், இங்கே டெங்கு அல்லது எலிக்காய்ச்சல் என்றுதான் முதலில் நினைப்பார்கள். "ஆப்பிரிக்கா போய் வந்தேன், மலேரியா ரத்தப் பரிசோதனை எடுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். அங்குள்ள மலேரியா வகை ஓரிரு நாளிலேயே மூளையைப் பாதிக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல், காய்ச்சல் வந்த அன்றே போங்கள்.