ஒதுங்கி இருந்ததா அமெரிக்கா?

கேள்வி: முதல் உலகப் போர் முடிந்தபின் இருபது வருடம் அமெரிக்கா யார் வம்புக்கும் போகாமல் ஒதுங்கி இருந்தது. இன்றும் அப்படியே இருந்தால் உலகம் நிம்மதியாக இருக்குமே? (கும்பகோணம் வாசகர்)

பதில்: கரீபியன் கடலில் உள்ள ஹைட்டி நாட்டு மக்களிடம் அன்று இதைச் சொல்லியிருந்தால் கொதித்துப் போயிருப்பார்கள். 1915-இல் அங்கே இறங்கிய அமெரிக்கப் படை 1934 வரை நகரவில்லை. கஜானா, சுங்கம் எல்லாம் அமெரிக்க அதிகாரிகள் கையில். கிராமத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கூலியில்லாமல் சாலை போட வைத்தார்கள். எதிர்த்துப் போராடிய ஷார்லமான் பெரால்ட்டை 1919-இல் சுட்டுக் கொன்று, உடலைக் கதவுப் பலகையில் கட்டிப் படமெடுத்து, மக்களைப் பயமுறுத்த அந்தப் படத்தைப் பரப்பினார்கள். அமெரிக்கா ஒதுங்கியதற்கு அடையாளமாகச் சொல்கிறார்களே, முதல் போருக்குப் பிந்தைய வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தை அமெரிக்க செனட் நிராகரித்தது, அதுவும் அதே ஆண்டு நவம்பரில்தான். நிகரகுவாவிலும் 1933 வரை அமெரிக்கப் படை இருந்தது.

சரி, நீங்கள் ஐரோப்பாவை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள். அமெரிக்க மக்களுக்குப் போர் மீது இருந்த வெறுப்பில் நியாயம் உண்டு. முதல் போரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள்; ஆயுத வியாபாரிகள் கொழுத்தார்கள். அந்தக் கோபத்திலிருந்துதான் போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்கத் தடை போடும் நடுநிலைச் சட்டங்கள் 1935 முதல் வந்தன.

அந்த நடுநிலை யாருக்கு உதவியது என்று ஸ்பெயினில் பாருங்கள். தேர்தலில் வென்ற குடியரசு அரசுக்கு எதிராக 1936-இல் ராணுவத் தளபதி பிராங்கோ கலகம் செய்தார். ஹிட்லரும் முசோலினியும் அவருக்கு விமானமும் ஆளும் அனுப்பினார்கள். 1937 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் இரு தரப்புக்கும் ஆயுதம் விற்கத் தடை போட்டது. கீழவையில் ஆதரவு 406, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. மின்னசோட்டாவின் ஜான் பெர்னார்டு மட்டும் தைரியமாக எதிர்த்தார். தடை அமலுக்கு வருமுன் நியூயார்க்கிலிருந்து குடியரசுக்கான விமானங்களோடு அவசரமாகக் கிளம்பிய 'மார் கன்டாபிரிக்கோ' கப்பலையும் மார்ச்சில் பிராங்கோவின் கடற்படை நடுக்கடலில் பிடித்துவிட்டது. சட்டத்தின் கணக்கில் பெட்ரோலும் லாரியும் ஆயுதமில்லை. அதனால் அமெரிக்க எண்ணெய் பிராங்கோவுக்குக் கடனாகவே போய்க்கொண்டிருந்தது. கட்டிப்போடப்பட்டது குடியரசு மட்டும்தான்.

தடை போட்டது தவறு என்று 1939 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட்டே அமைச்சரவையில் ஒப்புக்கொண்டார். அதற்குள் குடியரசின் கையிலிருந்த பார்சிலோனா நகரம் பிராங்கோவிடம் விழுந்திருந்தது.

தலையிடாதே என்று நீங்கள் சொன்னால், ஹைட்டிக்காக நானும் சேர்ந்து சொல்வேன். ஆனால் அந்த இருபது வருடத்தை முன்மாதிரியாகக் காட்டாதீர்கள். படை அனுப்பத் தேவையே இல்லாத விஷயத்திலும் அமெரிக்கா அன்று கைவிரித்தது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிக்கத் தவித்த 20,000 குழந்தைகளைக் குடியேற்ற ஒதுக்கீட்டுக்கு மேல் அனுமதிக்க 1939-இல் ஒரு மசோதா வந்தது. ரூஸ்வெல்ட் அதற்காக வாய் திறக்கவில்லை. மசோதா அவையில் வாக்கெடுப்புக்கே வராமல் போனது.