சாலையோரத்தில் ஒரு பகல்

அன்புள்ள ஐயா,

நாங்கள் பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்தில் இருக்கிறோம். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் நடந்தபோது இரண்டு பேரும் வீட்டையே மைதானமாக்கிவிட்டார்கள். மெத்தையில் ஜூடோ, மாடிப்படியில் ஓட்டப்பந்தயம் என்று அந்தக் கோடை போனதே தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த விடுமுறை முழுக்கக் கைபேசியிலேயே கழிந்தது. இந்த ஜூலையில் என் மாமனாரும் மாமியாரும் தஞ்சாவூரிலிருந்து வருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக் குடும்பம், டூர் டி பிரான்ஸ் பார்க்க மலைக்குப் போகிறோம், எல்லோரும் வாருங்கள் என்று கூப்பிடுகிறது. காலையிலேயே போய் உட்கார்ந்து, பிற்பகலில் சைக்கிள் வீரர்கள் கடந்துபோவதைப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். “டிவியில் முழுப் பந்தயமும் தெரிகிறதே, அரை நிமிஷத்துக்காக ஒரு நாளை வெயிலில் கழிப்பதா?” என்கிறார் என் கணவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மாமனாருக்கு மூட்டுவலி வேறு. இந்த ஊர்க்காரர்களின் கோடைக்காலத்தில் நாங்கள் குடும்பத்தோடு எப்படிக் கலந்துகொள்வது? உங்களுக்கு இந்தப் பந்தயத்தில் ஈடுபாடு உண்டு என்பதால் கேட்கிறேன்.

ஆர்., கிரெனோபிள்

அன்புள்ள ஆர்.,

அவசியம் போய் வாருங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. பந்தயத்தின் போக்கு தெரிய வேண்டுமானால் தொலைக்காட்சிதான் வழி. யார் முந்துகிறார், இடைவெளி எத்தனை நொடி, யாருக்குச் சக்கரம் பஞ்சர் என்பதெல்லாம் ஹெலிகாப்டர் கேமராவுக்குத்தான் தெரியும். ஓரத்தில் நிற்பவருக்கு அடுத்த வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆனால் அங்கே வருகிறவர்கள் பந்தயத்துக்காக மட்டும் வருவதில்லை. நம் ஊரில் சுவாமி புறப்பாடு நடக்கும் தெருவை நினைத்துப் பாருங்கள். சப்பரம் நம் வாசலைக் கடக்கும் நேரம் கொஞ்சம்தான். அதற்காக வாசல் தெளித்துக் கோலம் போட்டு, உறவுக்காரர்கள் திண்ணையில் கூடி, பிள்ளைகள் தெருமுனை வரை ஓடி “வந்தாச்சா?” என்று பார்த்துவிட்டு வரும் அந்தப் பொழுது முழுவதும் சேர்ந்ததுதான் திருவிழா. டூரும் அப்படித்தான். டிக்கெட் கிடையாது, இருக்கை எண் கிடையாது. உலகத்தின் மிகப்பெரிய விளையாட்டு நிகழ்ச்சிகளில் ஒன்று, யாரோ ஒரு விவசாயியின் சோளக்கொல்லை ஓரமாக, இலவசமாக நடந்து முடிகிறது. எந்த விளையாட்டரங்கத்திலும் குழந்தைக்கு இவ்வளவு பக்கத்தில் வீரர்களைக் காட்ட முடியாது.

இது குடும்ப விழாவாக ஆனதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1903இல் ‘லோட்டோ’ என்ற விளையாட்டு நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்கத்தான் இந்தப் பந்தயத்தைத் தொடங்கியது. ஜூலை 1 அன்று பாரிஸுக்குத் தெற்கே மோன்ஜெரோன் என்ற ஊரில் புறப்பட்டார்கள். ஆறே கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். சிறுவயதில் புகைபோக்கி சுத்தம் செய்து பிழைத்த மொரீஸ் கரேன் வென்றார். அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சாகி வந்தது. 1919 முதல், மொத்த நேரக் கணக்கில் முன்னணியில் இருக்கும் வீரருக்குத் தரப்படும் மஞ்சள் சட்டை அதன் நினைவுதான். இன்று நாளுக்கு ஒன்றாக 21 கட்டங்கள், சுமார் 3,400 கிலோமீட்டர், நடுவே இரண்டு நாள் ஓய்வு.

ஆனால் பத்திரிகை மட்டும் இதைச் சாதித்திருக்க முடியாது. 1936இல் பிரான்ஸ் முழுக்கத் தொழிலாளர்கள் ஆலைகளில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஜூனில் லியோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு எல்லாத் தொழிலாளருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்தோடு விடுமுறை என்று சட்டம் இயற்றியது. விளையாட்டையும் ஓய்வுநேரத்தையும் கவனித்துக்கொண்ட லியோ லக்ராஞ்ச் ரயில் கட்டணத்தைக் குறைத்தார். ஆலைத் தொழிலாளிகள் பலர் மனைவி மக்களோடு முதன்முதலாகக் கடலைப் பார்த்தது அந்தக் கோடையில்தான். ஜூலை என்பது பணக்காரர்களின் மாதமாக இருந்தது போய் எல்லோருக்குமான மாதமானது. அந்த மாதத்தில் காசில்லாமல் பார்க்கக் கிடைத்த காட்சி டூர். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் தாத்தாவும் இதே போல் ஏதோ ஒரு சாலையோரம் நின்றிருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள், கதை கிடைக்கலாம். இன்று அவர்களுக்குச் சட்டப்படி ஐந்து வாரம் விடுமுறை. பிரெஞ்சுக்காரர்கள் விடுமுறையை எவரும் போடும் பிச்சையாகக் கருதுவதில்லை, போராடி வாங்கிய உரிமை அது. நம்மவர்கள் வெளிநாட்டுக்குப் போனாலும் விடுமுறை எடுக்கக் கூச்சப்படுகிறோம். இதை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி எங்கே நிற்பது என்பது. ‘அரை நிமிஷம்’ என்று உங்கள் கணவர் சொன்னது சமவெளிக்குப் பொருந்தும். அங்கே மணிக்கு 45, 50 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தக் கூட்டமும் ஒரே காற்றாக அடித்துக்கொண்டு போய்விடும். மலையில் அப்படியில்லை. வேகம் பாதிக்கும் கீழே குறையும், கூட்டம் சிதறும், ஒவ்வொருவராக வருவார்கள். கடைசி மலையேற்றத்தில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே அரை மணி நேரத்துக்கு மேல்கூட இடைவெளி விழும். முகத்தில் வழியும் வியர்வை தெரியும், மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். நீங்கள் கிரெனோபிளில் இருப்பது அதிர்ஷ்டம். டூரின் பேர்பெற்ற மலைகள் பலவும் உங்கள் ஊரைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆல்ப் துயெஸுக்குப் பந்தயம் இல்லாத நாளிலும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அந்த மலைப்பாதையில் 21 கொண்டையூசி வளைவுகள். அடிவாரத்தில் 21 என்று தொடங்கி உச்சியில் 1 வரை எண் குறையும். ஒவ்வொன்றிலும் அங்கே வென்றவரின் பெயர்ப்பலகை உண்டு. முதல் பெயர் 1952இல் வென்ற இத்தாலியர் ஃபௌஸ்தோ கொப்பி. 7ஆம் எண் வளைவு நெதர்லாந்து ரசிகர்கள் கூடும் இடம். டூர் வரும் நாளில் அந்த இடமே அவர்கள் நாட்டு ஆரஞ்சு நிறமாகிவிடும்.

மலைப்பாதையைப் பல மணி நேரம் முன்பே அடைத்துவிடுவார்கள். அதனால் காலையிலேயே இடம் பிடிக்க வேண்டும். மூட்டுவலி உள்ளவரை உச்சிக்கு நடத்திக் கூட்டிப்போக வேண்டாம். காரை விடும் இடத்துக்கு அருகே, ஏற்றம் தொடங்கும் பகுதியில் மரநிழல் பார்த்து மடக்கு நாற்காலியைப் போடுங்கள். தண்ணீர், தொப்பி, ஒரு போர்வை, மழைச்சட்டை. ஆல்ப்ஸில் பகலெல்லாம் காய்ந்துவிட்டு மாலையில் திடீரென்று இடியோடு கொட்டும். சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், கெடாது, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கொடுக்கலாம். அவர்கள் நீட்டும் ரொட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள்: 2023இல் பாரிஸ் மாநகரத்தின் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை வென்றவர் தர்ஷன் செல்வராஜா, இலங்கையிலிருந்து வந்த தமிழர். பிரெஞ்சு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் பெருமை அவருக்குக் கிடைத்தது. 2024இல் அதே பாரிஸில் ஒலிம்பிக் சுடரை ஏந்தியும் ஓடினார். அடுப்படியில் உழைத்த ஒரு புலம்பெயர் தமிழரின் கைக்கு அந்தச் சுடர் வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வீரர்கள் வருவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வரும். உங்கள் மகனுக்கு அன்றைய உச்சம் அதுவாகத்தான் இருக்கும். 1930இல் டூரைக் கம்பெனி அணிகளிடமிருந்து பிரித்து நாட்டு அணிகளுக்குக் கொடுத்தார் அமைப்பாளர் ஆன்ரி தெக்ராஞ்ச். வீரர்களின் செலவு அவர் தலையில் விழுந்தது. அதை ஈடுகட்டக் கண்ட வழிதான் இந்த ஊர்வலம். விதவிதமாக அலங்கரித்த வண்டிகளிலிருந்து தொப்பி, சாவிக்கொத்து, மிட்டாய், பிஸ்கட் என்று வீசிக்கொண்டே போவார்கள். தாத்தாக்களும் குழந்தைகளுக்குச் சமமாகக் கை நீட்டிக் கூவுவார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. வீசுவதில் பெரும்பகுதி இரண்டு நாளில் குப்பைக்குப் போகும் பொருள். ஒரு பை கொண்டுபோய், கிடைத்ததையும் சுற்றிக் கிடப்பதையும் திரும்ப எடுத்து வரச் சொல்லுங்கள். மகன் சாலையில் உருண்ட மிட்டாய்க்காகக் குறுக்கே ஓடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்த வண்டிகள் நிற்பதில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2021இல் முதல் கட்டத்தில், பிரான்ஸின் மேற்கே உள்ள பிரிட்டனி பகுதியில், ஒரு பெண் தாத்தா பாட்டிக்கு வாழ்த்து எழுதிய அட்டையை டிவி கேமராவுக்குக் காட்ட, வீரர்கள் வரும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலைக்குள் நீட்டினார். ஜெர்மன் வீரர் டோனி மார்ட்டின் அதில் மோதி விழ, பின்னால் வந்த கூட்டமே சரிந்தது. உங்கள் பிள்ளைகளும் தாத்தா பாட்டி பெயரை எழுதிப் பிடிக்க ஆசைப்படுவார்கள். பிடிக்கட்டும், சாலைக்கு வெளியே நின்று, வீரர்களைப் பார்த்தபடி.

பிறகு முதல் ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும், மலை முழுக்க எழுந்து நிற்கும். அந்தக் கணத்தை நான் விவரிக்கப்போவதில்லை, நீங்களே பாருங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மஞ்சள் சட்டை போனதும் கிளம்பிவிடாதீர்கள். மலை ஏறத் தெரியாத, சமவெளியில் வேகம் காட்டும் கனத்த வீரர்கள் பின்னால் ஒன்றுசேர்ந்து வருவார்கள். அவர்களுக்கு வெல்லும் எண்ணம் கிடையாது. விதித்த நேரத்துக்குள் உச்சியைத் தொடாவிட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள், அவ்வளவுதான் கவலை. அவர்களுக்கும் பின்னால், தனியாக ஒருவர் வருவார். பந்தயத்தின் முடிவைச் சொல்லும் வண்டி அவரைத் தொட்டுக்கொண்டே வரும். மலையில் இருப்பவர்கள் பெயர்கூடத் தெரியாத அந்த மனிதருக்காகத் தொண்டை வற்றக் கத்துவார்கள். முதல் ரேங்க் வாங்கிய பிள்ளையை மட்டும் கொண்டாடப் பழகிய நம் வீட்டுக் குழந்தைகள் இதைப் பார்க்க வேண்டும். உங்கள் கணவருக்கு நான் தரும் பதில் இதுதான். கேமரா முன்னால் இருப்பவர்களோடு போய்விடும். கடைசி ஆளுக்குக் கை தட்டுவதென்றால் அங்கே போய் நின்றால்தான் உண்டு.

மகளுக்காகச் சிறப்பாக ஒன்று: பெண்கள் டூரையும் தவறவிடாதீர்கள். 1984 முதல் 1989 வரை நடந்து நின்றுபோய், நெடுங்காலம் கழித்து 2022இல் மறுபடி தொடங்கியது. ஆண்கள் பந்தயத்தை விடக் கூட்டம் குறைவு, இடம் எளிதாகக் கிடைக்கும். 2024இல் அது முடிந்தது ஆல்ப் துயெஸ் உச்சியில்தான். அன்றைய கட்டத்தை டெமி வொல்லரிங் வென்றார். ஆனால் மொத்த நேரத்தில் போலந்தின் காசியா நியெவியாதோமா 4 நொடியில் தப்பித்து மஞ்சள் சட்டையைக் காத்துக்கொண்டார். எட்டுக் கட்டங்கள் ஓடி முடித்த பிறகு 4 நொடி! ஆண்கள் டூரில் மிகக் குறைந்த வித்தியாசமே 1989இல் கிரெக் லெமாண்ட் வென்ற 8 நொடிதான். 2025இல் பிரான்ஸின் போலின் ஃபெரான் பிரெவோ, உங்கள் ஊருக்கு வெகுதூரமில்லாத மதலேன் கணவாயில் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளி மஞ்சள் சட்டையைப் பிடித்தார், கடைசிவரை விடவில்லை. பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மலை சைக்கிளில் தங்கம் வாங்கியவரும் அவர்தான். உங்கள் மகளுக்கு அவரை நினைவிருக்கலாம்.

ஒலிம்பிக்ஸ் உற்சாகம் போய்விட்டதே என்று எழுதியிருந்தீர்கள். பிரான்ஸில் அது முழுக்கப் போகவில்லை. 2024இல் ஒலிம்பிக் சைக்கிள் சாலைப் பந்தயம் பாரிஸின் மோன்மார்த்தர் குன்றில் ஏறியபோது திரண்ட கூட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு டூரின் கடைசிக் கட்டத்தையும் அந்தக் குன்றில் ஏற்றினார்கள். 1923 முதல் குளிக்கத் தடை இருந்த சேன் நதியில், 2025 கோடையிலிருந்து மூன்று இடங்களில் பொதுமக்கள் நீந்துகிறார்கள். பெரியவர்களுக்குப் பாரிஸைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனால், பிள்ளைகளுக்கு நீச்சலுடை எடுத்துக்கொள்ளுங்கள்.

மீதி நாட்களுக்கு? பெத்தாங்க் ஆடுங்கள். இரும்புக் குண்டை உருட்டியோ வீசியோ ஒரு சின்ன மரக்குண்டுக்கு அருகே கொண்டுபோகும் ஆட்டம். மரக்குண்டை 6 முதல் 10 மீட்டர் தூரத்துக்குள் எறிந்து ஆரம்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இன்னும் குறைத்துக்கொள்ளலாம். 13 புள்ளி எடுத்தவர் வென்றார். எதிராளியின் குண்டை அடித்துத் தள்ளவும் செய்யலாம், நம் கோலி ஆட்டத்தில் குறி தேறியவர்களுக்கு அது உடனே பிடிபடும். எது அருகில் என்று சண்டை வந்தால் அளவுநாடா. புதுச்சேரியில் இன்றும் ஆடுகிறார்கள், தஞ்சாவூரிலிருந்து வருகிறவருக்கு முழுக்க அந்நியமான விஷயம் அல்ல.

இந்த ஆட்டம் பிறந்ததே உங்கள் மாமனாரைப் போன்ற ஒருவருக்காகத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மார்செய்க்கு அருகே லா சியோதா என்ற துறைமுக ஊரில் ழூல் லெனுவார் என்றொரு கைதேர்ந்த ஆட்டக்காரர் இருந்தார். அந்தக் காலத்து ஆட்டத்தில் ஓடிவந்து வீச வேண்டும். முடக்குவாதம் வந்து அவரால் அடி எடுத்து வைக்க முடியாமல் போயிற்று. அவரை ஓரமாக உட்காரவைத்து வேடிக்கை பார்க்கச் சொல்ல நண்பர்களுக்கு மனம் வரவில்லை. ஆட்டத்தையே மாற்றிவிட்டார்கள். தூரத்தைக் குறைத்து, தரையில் ஒரு வட்டம் போட்டு, இரண்டு காலையும் ஊன்றி நின்றபடியே வீசலாம் என்று விதி வைத்தார்கள். ஒரு நோயாளிக்காக ஏற்பட்ட அந்த விதியைத்தான் இன்று உலகப்போட்டி வரை கடைப்பிடிக்கிறார்கள்.

போட்டிக்கான குண்டு 650 முதல் 800 கிராம் வரை இருக்கும். வீட்டு ஆட்டத்துக்கு எடை குறைந்தவை சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். கூடவே கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்று விற்பார்கள், மறக்காமல் வாங்குங்கள். குனியாமலே குண்டைத் தூக்கலாம், மாமனாருக்கு மூட்டுத் தொந்தரவு இருக்காது. மாமியாருக்கும் இரண்டு குண்டு கொடுத்து ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.