மழை இருட்டில் சைக்கிளும் வண்டியும்: கேட்டார்கள், சொல்கிறேன்

இருபத்தெட்டு வருஷம் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கம் பஸ் ஓட்டியவன் நான். இப்போது சைக்கிள்தான். இரண்டு இருக்கையிலும் உட்கார்ந்தவன் என்பதால் ஐப்பசி பிறந்ததும் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: ஐயா, என் மகள் டியூஷன் முடித்து ஏழரை மணிக்கு சைக்கிளில் வருகிறாள். லைட் வாங்கித் தருகிறேன் என்றால், "எதிரே வர்ற கார் எனக்கு நல்லாத் தெரியுதும்மா, அவங்களுக்கு என்னைத் தெரியாதா?" என்கிறாள். என்ன சொல்வது?

பதில்: தெரியாதும்மா. சைக்கிள்காரர்கள் முக்கால்வாசிப் பேர் ஏமாறுவது இந்த ஒரு இடத்தில்தான். காருக்கு இரண்டு பெரிய லைட் இருக்கிறது, அதனால் கார் பாப்பாவுக்குத் தெரிகிறது. பாப்பாவிடம் என்ன இருக்கிறது?

மழை நாளில் இது இன்னும் மோசம். காய்ந்த தார் ரோடு சொரசொரப்பானது. ஹெட்லைட் பட்டால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும், கொஞ்சம் டிரைவர் கண்ணுக்கும் திரும்பி வரும். அதனால்தான் ரோடு ரோடாகத் தெரிகிறது. தண்ணீர் படர்ந்துவிட்டால் ரோடு கண்ணாடி மாதிரி. நம் லைட் முன்பக்கமாகவே வழுக்கிப் போய்விடும், திரும்பாது. அதே நேரம் எதிரே வருகிறவன் லைட் ஒன்று நேராகவும், இன்னொன்று ரோட்டிலிருந்து எகிறியும் கண்ணில் அடிக்கும். முன் கண்ணாடியில் துளிகள், தேய்ந்த வைப்பர் ரப்பர் இழுத்த கோடுகள் வேறு. அந்த நேரத்தில் இடப்பக்க ஓரம் கறுப்புத் துணி போட்டு மூடியது போல இருக்கும். பாப்பா அந்தக் கறுப்புக்குள்தான் போய்க்கொண்டிருப்பாள். டிரைவர் சீட்டில் அவளை ஒரு தடவை மழை இரவில் உட்காரவைத்துக் காட்டுங்கள். அதற்குமேல் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: பளீர் மஞ்சளில் ரெயின்கோட் வாங்கிவிட்டேன் அண்ணே. போதும்தானே?

பதில்: சாயங்காலம் ஐந்தரைக்குப் போதும். கார்த்திகையில் ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும், அதற்குப் பிறகு அந்த மஞ்சளுக்கு வேலை இல்லை. அந்த நிறம் பளிச்சிடுவது சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிரால். ஹெட்லைட்டில் அது வெறும் மஞ்சள்தான். ராத்திரிக்கு வேண்டியது பட்ட வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் பட்டை. லாரிக்குப் பின்னால் ஒட்டுகிறார்களே, அதுதான். ஆட்டோமொபைல் கடையில் துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள்.

அதை முதுகில் ஒட்டுவதோடு நிறுத்தாமல் கணுக்காலிலும் ஒரு சுற்று கட்டுங்கள். முதுகுப் பட்டை அசையாமல் இருக்கும். மைல்கல்லா, குப்பைத் தொட்டியா, ஆளா என்று டிரைவர் யோசிப்பார். கணுக்கால் பட்டை மேலும் கீழும் போய்வரும். "சைக்கிள்" என்று மூளைக்கு உடனே உறைக்கும். பெடலில் ரிஃப்ளெக்டர் வைத்திருப்பதும் சும்மா இல்லை. சேறு படிந்தால் எதுவும் மின்னாது, வாரம் ஒருமுறை துடையுங்கள்.

கேள்வி: நான் கார் வைத்திருக்கிறேன். அறுபதில்தான் போகிறேன், அது ஒன்றும் வேகமில்லை. எல்லாப் பழியும் எங்கள் மேல்தானா?

பதில்: பழி பேச வரவில்லை தம்பி, கணக்கு பேசுவோம். அறுபதில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வையுங்கள்: 25 மீட்டர். பிறகு நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க சுமார் 35 மீட்டர். மொத்தம் 60. டயர் மொட்டையாக இருந்தால் அதற்கும் மேல். டிம் லைட்டில், மழையில், கறுப்புச் சட்டைக்காரர் 30 மீட்டர் முன்னால் தெரிந்தால் அதிர்ஷ்டம். மீதி 30 மீட்டருக்கு என்ன செய்வீர்கள்? நாற்பதில் போனால் அதே கணக்கு சுமார் 32 மீட்டரில் முடிகிறது. லைட் எட்டும் தூரத்துக்குள் நிற்கிற வேகம்தான் மழை ராத்திரியின் வேகம். போர்டில் எழுதியிருக்கும் எண் அல்ல.

கேள்வி: இந்த சைக்கிள்காரர்கள் ஓரமாகப் போகிறவர்கள் திடீரென்று ரோட்டுக்குள் ஏன் வருகிறார்கள்? பின்னால் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை!

பதில்: நானும் கால் நூற்றாண்டு இதையே கேட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். பதில் சைக்கிள் மிதித்த முதல் மழையில் கிடைத்தது. எங்கள் பக்கத்து ரோடுகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்தவை. மழைத் தண்ணீர் ஓரத்தில்தான் நிற்கும். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு விரல் ஆழமா, ஒரு முழம் ஆழமா என்று தெரியாது. தார் விளிம்பு உடைந்திருக்கும், அடுத்து வாய்க்கால். அறுவடைச் சமயமென்றால் நனைந்த வைக்கோல், அதில் டயர் சோப்பு மாதிரி வழுக்கும். மனுஷன் உள்ளே வராமல் என்ன செய்வான்?

ஒரு நாள் சொல்கிறேன். மார்கழி, விடிய இன்னும் நேரமிருந்தது, முதல் டிரிப். கேரியரில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிய பெரியவர் ஒருவர் முன்னால் போனார். குட்டை வந்தது, அவர் வலப்பக்கம் ஒதுங்கினார். நான் ஏர் ஹாரனை அழுத்தினேன். அவர் திடுக்கிட்டு இடப்பக்கம் வெட்ட, முன் சக்கரம் தார் விளிம்பிலிருந்து இறங்கி, ஆளும் கேனும் வாய்க்கால் கரையில். அடி பெரிதாக இல்லை. பால் முழுதும் போயிற்று. எழுந்தவர் என்னைத் திட்டவே இல்லை. மூடியைத் தேடி எடுத்துக் கேனில் மாட்டிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது.

அதற்கப்புறம் நான் சைக்கிளைப் பார்ப்பதற்கு முன் சைக்கிளுக்கு முன்னால் இருக்கும் தண்ணீரைப் பார்க்கப் பழகினேன். ஓரத்தில் பளபளப்புத் தெரிந்தால் சைக்கிள் வலது பக்கம் வரும், சந்தேகமே வேண்டாம். அதுவரை பின்னாலேயே இருங்கள். சைக்கிள்காரர்களுக்கும் சொல்கிறேன்: குட்டைக்குப் பக்கத்தில் போய் வெட்டாதீர்கள். இருபது முப்பது அடி முன்பே தலையைத் திருப்பிப் பார்த்து, கை காட்டி, மெதுவாக உள்ளே வாருங்கள்.

கேள்வி: வலப்பக்க ஓரமாகப் போனால் எதிரே வரும் வண்டி தெரியுமே, நாமே ஒதுங்கிக்கொள்ளலாமே?

பதில்: நடந்து போகிறவருக்கு அது சரி, சைக்கிளுக்கு வேண்டாம். நீங்கள் பதினைந்து, கார் அறுபது. இடப்பக்கம் போனால் கார் உங்களை நெருங்கும் வேகம் 45. எதிரே போனால் 75. ஐம்பது மீட்டரில் அவர் உங்களைப் பார்த்தால், முதல் வகையில் நான்கு நொடி கிடைக்கும், இரண்டாவதில் இரண்டரைகூட இல்லை.

கேள்வி: அப்பாவின் பழைய பெரிய சைக்கிள். மழையில் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: கம்பி பிரேக், குரோம் பூசிய இரும்பு ரிம். நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கத்தான் செய்யும். சக்கரம் சில சுற்று சுற்றி ரிம்மில் தண்ணீர் வழிக்கப்பட்ட பிறகுதான் பிடிக்கும். ஆகவே தேவைக்கு முன்பே லேசாக அழுத்தி அழுத்தி விடுங்கள். கட்டை தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் மாற்றுங்கள், பெரிய காசு இல்லை. ரயில் கேட்டில் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடந்து போங்கள். சாய்வாக ஏறினால் டயர் வழுக்கிவிடும், தண்டவாளத்தின் ஓரப் பள்ளத்திலும் மாட்டும்.

கேள்வி: எதிரே பிரைட் போட்டே வருகிறான். நானும் போட்டால்தான் அவனுக்கு உறைக்கும்!

பதில்: உறைக்காது. ஒரு குருடருக்கு இரண்டு குருடர் ஆவார்கள், நடுவில் சைக்கிள்காரர் இருப்பார். லைட்டை ஒருமுறை அடித்துக் காட்டுங்கள், அவன் டிம் பண்ணவில்லையென்றால் வேகத்தைக் குறைத்து ரோட்டின் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். கோடு இல்லாத ரோடென்றால் இன்னும் மெதுவாக. கடையில் மாட்டிக்கொண்ட வெள்ளை எல்இடி மழையில் எதிரே வருகிறவர் கண்ணைத்தான் பறிக்கும். அதன் மட்டத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டைனமோ வைக்கலாமா, பேட்டரி லைட்டா?

பதில்: எங்கள் காலத்தில் லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். அந்தப் பயத்துக்கே டைனமோ. ஆனால் டயரில் உரசும் டைனமோ மழையில் வழுக்கும், சைக்கிள் நின்றால் விளக்கும் அணையும். எல்இடியே மேல். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. பின்விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கவனத்தை இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்க நிலையான விளக்குதான் உதவும். வசதியிருந்தால் இரண்டும் வையுங்கள். முன்விளக்கைத் தரையைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள், டிரைவர் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் ரோட்டில் தெருவிளக்கே எரிவதில்லை. யாரிடம் சொல்வது?

பதில்: ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள், கம்பத்தின் எண்ணோடு. காரியம் நகராமல் இருந்தால் முதல்வர் உதவி எண் 1100-க்குப் போன் போடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் அவர்களுடைய உதவி எண் 1033. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ரோட்டில் விழுந்த மரங்களுக்கு இடையே டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தோம். விளக்கு வரும் என்று நம்பி லைட் வாங்காமல் இருக்காதீர்கள்.

கேள்வி: ராத்திரி ஒரு சைக்கிள்காரர் அடிபட்டுக் கிடந்தால் நிற்கப் பயமாக இருக்கிறது. கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே?

பதில்: 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உதவ வந்தவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. இடித்தது நீங்களே என்றால் சிகிச்சைக்குக் கொண்டுபோவது உங்கள் கடமை. 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும், உச்சவரம்பு உண்டு.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் வண்டியை ஓரங்கட்டி நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். ஒருவரை வந்த பக்கம் கொஞ்ச தூரம் செல்போன் டார்ச்சோடு நிற்கச் சொல்லுங்கள், ரோட்டின் மேல் அல்ல, ஓரத்தில். அப்புறம் அந்த சைக்கிளை ரோட்டிலிருந்து தூக்கி வையுங்கள். படுத்துக் கிடக்கும் சைக்கிள் அடுத்து வரும் பைக்குக்குத் தெரியவே தெரியாது.