கொமிக் கொன் போய்வர எவ்வளவு செலவாகும்? மட்டக்களப்பிலிருந்து கேள்வி பதில்

கொழும்பில் 2015இல் தொடங்கிய லங்கா கொமிக் கொன் என்ற சித்திரக்கதை ரசிகர் விழாவுக்கு ஐந்து தடவை போய் வந்திருக்கிறேன். செலவு பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவரின் பெயருக்குப் பதில் ஊரைப் போட்டிருக்கிறேன்.

கல்லடி: அண்ணா, முதல் தடவை போகப் போகிறேன். எல்லாம் விலை ஏறிவிட்டது என்கிறார்கள். எவ்வளவு காசு எடுத்து வைக்க வேண்டும்?

டிக்கட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள் தங்கச்சி. நமக்கு அது சின்னச் செலவு. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயில் பாதை ஏறத்தாழ 350 கிலோமீற்றர். போக்குவரத்து, அறை, சாப்பாடு இந்த மூன்றும்தான் காசைத் தின்னும். ஒரு நாள் மட்டும் போவதென்றால் அறையே வேண்டாம். இரவு ரயிலில் ஏறினால் விடியற்காலையில் கோட்டை, அன்றிரவே திரும்ப ஏறலாம். தூக்கமும் ரயிலில்தான். நான் முதல் தடவை முன்கூட்டியே பேசாமல் ஒரு லொட்ஜுக்குப் போனேன். சனிக்கிழமை, கையில் வேடத்துக்கான பெரிய வாள் வேறு. முதலில் சொன்ன வாடகையைக் கண் முன்னாலேயே இரண்டு மடங்காக்கினார்கள். சீட்டை ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள், இரவு வரை தாங்கும்.

காத்தான்குடி: டிக்கட் முடிந்தால் வேறு ஆளிடம் வாங்கலாமா?

வேண்டாம். டிக்கட்டில் உள்ள கியூஆர் குறியீடு ஒரு தடவைதான் வேலை செய்யும். அதே படத்தை ஐந்து பேருக்கு விற்றால் முதலில் வந்தவர் உள்ளே, மற்ற நால்வர் வெளியே. வாசலில் நின்று அழுத ஒரு பொடியனை இன்னும் மறக்க முடியவில்லை.

மருதமுனை: கொஸ்ப்ளேக்கு, அதாவது கதாபாத்திரம் போல வேடம் போட, உடுப்பு வெளிநாட்டிலிருந்து எடுப்பது நல்லதா, தைப்பது நல்லதா?

தையுங்கள் நானா. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது, 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 வீதமானது. வெளியிலிருந்து வரும் விக்கும் உடுப்பும் இப்போது கைக்கு எட்டுவதில்லை. நீங்களோ கைத்தறி ஊரில் இருக்கிறீர்கள். மேலங்கிக்கு உங்கள் ஊர்த் துணி விழுகிற மடிப்பு பார்சலில் வரும் பொலியெஸ்டரில் வராது.

கவசத்துக்கு செருப்புச் செய்யும் ஃபோம் சீட் போதும். ஹீட் கன்னால் சூடு காட்டுங்கள். மேற்பரப்பு இலேசாக மினுங்கத் தொடங்கும், அதுதான் பதம். உடனே முழங்காலில் வைத்து வளைத்து, ஆறும் வரை பிடித்திருக்க வேண்டும். சப்பாத்துப் பசையை இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத நிலை வந்த பிறகு அழுத்துங்கள். பெயின்ட் அடிக்க முன், மரவேலைப் பசையில் தண்ணீர் கலந்து மூன்று நாலு பூச்சுப் பூசுங்கள். இல்லாவிட்டால் ஃபோம் பெயின்டை எல்லாம் குடித்துவிடும். இந்த வேலையை முற்றத்தில் செய்யுங்கள், பூட்டிய அறையில் அந்தப் புகை கூடாது.

அம்பாறை: எங்களுக்கு ரயில் இல்லையே?

கல்முனைப் பக்கமிருந்து இரவு பஸ் இருக்கிறது. பெரிய சாமான் இருந்தால் மட்டக்களப்புக்கு வந்து ரயில் ஏறுங்கள்.

செங்கலடி: டிக்கட் எவ்வளவு?

வருசத்துக்கு வருசம் மாறும். ஏற்பாட்டாளர்களின் பக்கத்தில் பாருங்கள்.

கல்முனை: கூட்டம் கூடினால் டிக்கட் விலை குறைய வேண்டும் அல்லவா? இது பேராசை.

அப்படி இல்லை தம்பி. ஆள் கூடினால் பெரிய மண்டபம், கூடுதல் காவல், வரிசையை ஒழுங்குபடுத்த ஆட்கள் எல்லாம் வேண்டும். ரசிகர்கள் தாங்களே வரைந்த கொமிக் புத்தகங்களை விற்கும் ஜப்பானின் கொமிக்கெட் சந்தை 1975 டிசம்பரில் 32 குழுக்களும் சுமார் 700 பேருமாகத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் நுழைவு இலவசம். 2019 கோடையில் அவர்களும் நுழைவுக்குக் கைப்பட்டியைக் காசுக்கு விற்க வேண்டி வந்தது.

அக்கரைப்பற்று: அண்ணா, அந்த உதாரணம் சரியில்லை. அங்கே மேசை போடுகிறவர்களும் ரசிகர்கள்தான், வேலை செய்கிறவர்கள் தொண்டர்கள். இங்கே நான் வரைந்த படங்களை விற்க மேசை எடுத்தால், இறக்குமதிப் பொம்மைக் கடைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பஸ், அச்சு, மேசை எல்லாம் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நீங்கள் சொல்வது சரி. நான் வருகிறவரின் செலவை மட்டும் பார்த்துவிட்டேன். வரைகிறவர்கள் வராவிட்டால் அது வெறும் சந்தை. தூர மாவட்டத்திலிருந்து வரும் ஓவியருக்கு மேசையைக் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும். நாம் எல்லோரும் சேர்ந்து ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிக் கேட்போம்.

கல்முனை: அப்போ குறைந்த காசை யார் கட்டுவது? மற்றவர்களின் டிக்கட்டில்தானே ஏறும்?

ஏறட்டும். பொம்மைக் கடைகளின் மேசை வாடகையில் முதலில் ஏறட்டும். அதுவும் போதாமல் என் டிக்கட்டில் ஐம்பது ரூபா கூடினால் மனதார கட்டுவேன்.

அக்கரைப்பற்று: இரண்டு பேர் ஒரு மேசையைப் பகிர விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நல்ல யோசனை. கடிதத்தில் அதை முதலாவதாகப் போடுவோம்.

வாழைச்சேனை: கூட்டாளி ஒருவர் கியூஆர் படம் அனுப்பியிருக்கிறார், பாதி விலை…

வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டேன். கூட்டாளியாக இருந்தாலும் வேண்டாம்.

ஏறாவூர்: மகளுக்கு 15 வயது. அனுப்பப் பயமாக இருக்கிறது.

தனியே அனுப்ப வேண்டாம் ராத்தா, நீங்களும் வாருங்கள். இந்தத் தடவை நாங்கள் பதினொரு பேர் ஒரே பெட்டியில் போகிறோம், அதில் மூன்று பேர் தாய்மார். உங்கள் இருவருக்கும் சேர்த்துப் பதிவு செய்ய, வெள்ளிக்கிழமைக்கு முன் சொன்னால் போதும்.