பழைய லேப்டாப்பில் வைஃபை தகராறு: கேள்வி பதில்

கேள்வி: ரவுட்டர் மாற்றியதிலிருந்து லேப்டாப்பில் எங்கள் வைஃபை பெயரே வரவில்லை. அக்கம்பக்கத்துப் பெயர்களெல்லாம் வருகின்றன, போனிலும் எடுக்கிறது. வைஃபை கார்டு (லேப்டாப்புக்குள் வைஃபையைப் பிடிக்கும் பாகம்) போய்விட்டதா?

பதில்: மற்ற பெயர்கள் தெரிகின்றனவே, அப்படியென்றால் கார்டு உயிரோடுதான் இருக்கிறது. மாறியது ரவுட்டர், அங்கிருந்தே தேடுங்கள். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைகளில் வரும்; பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே எட்டும். ரவுட்டரில் 5 மட்டும் ஓடினால் அவற்றுக்கு உங்கள் வைஃபை தெரியாது. ரவுட்டர் அமைப்பில் 2.4-ஐத் திறந்து அதற்குத் தனிப்பெயர் வையுங்கள். சேனலை (அலைவரிசைக்குள் எண்ணிட்ட பிரிவை) ஆட்டோவில் விட்டிருந்தால் அது 12, 13-க்குப் போயிருக்கலாம். 11 வரை மட்டும் பார்க்கும் கார்டுகள் உண்டு. 1, 6, 11 மூன்றில் ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள்.

அதற்கும் வரவில்லையா? புதிய ரவுட்டர்களில் வரும் வைஃபை 6 என்ற தலைமுறையைச் சந்தேகியுங்கள்; 'ஏஎக்ஸ்' என்பதும் அதுதான். இன்டெல் 7260, 7265, 8260 போன்ற கார்டுகளில் பழைய டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இருந்தால், 'ஏஎக்ஸ்' முறையில் வரும் பெயரைக் காட்டவே காட்டாது. டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். அதுவரை ரவுட்டரில் ஏஎக்ஸை அணைத்து வையுங்கள்.

கேள்வி: பெயர் வருகிறது, பாஸ்வேர்டும் சரிதான். ஆனால் இணைய மாட்டேன் என்கிறது சார்.

பதில்: ரவுட்டரின் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 என்ற புதிய முறையில் இருக்கலாம். முந்தைய முறையான டபிள்யூபிஏ2-க்கும், அதில் ஏஇஎஸ் என்ற குறியாக்கத்துக்கும் மாற்றுங்கள். டபிள்யூபிஏ2, 3 இரண்டும் கலந்த முறையிலும் சில பழைய டிரைவர்கள் தடுமாறும். டிகேஐபி என்ற பழைய குறியாக்கத்தின் பக்கம் போகாதீர்கள், வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. மாற்றியபின் லேப்டாப்பில் சேமித்திருக்கும் இணைப்பை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுங்கள்.

கேள்வி: 'இணைந்தது' என்கிறது, ஒரு தளமும் திறப்பதில்லை.

பதில்: லேப்டாப்பின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குக் கிடைக்கும் எண்ணை) பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள்; ரவுட்டரை அணைத்து மறுபடி போட்டுவிட்டு, விண்டோஸ் 10-ல் 'நெட்வொர்க் ரீசெட்' செய்யுங்கள். முகவரி ஒழுங்காக இருந்தால் தேதியைப் பாருங்கள்! மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தால், தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவை என்று பிரவுசர் மறுத்துவிடும். பெரும்பாலும் அந்தப் பேட்டரி சிஆர்2032 என்ற காசு வடிவ வகை. லேப்டாப்பில் ஒயரோடு வரும்.

கேள்வி: சார்ஜரைக் கழற்றினால் அடிக்கடி அறுந்துபோகிறது.

பதில்: மின்சேமிப்பின் வேலை. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பண்புகளுக்குள் 'பவர் மேனேஜ்மென்ட்' போய், கணினி இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். பவர் ஆப்ஷன்ஸிலும் வயர்லெஸ் அடாப்டரை, பேட்டரிக்கும் சேர்த்து, முழுத் திறனில் வையுங்கள். யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கைச் செருகும்போது மட்டும் அறுந்தால் கதை வேறு: அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. நீளமான கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: கார்டையே மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம், வாங்குமுன் திறந்து பாருங்கள். கார்டு செருகும் இடம் பழைய லேப்டாப்பில் மினி பிசிஐஇ வகை, புதியவற்றில் எம்.2 வகை; மினி பிசிஐஇ இடத்தில் எம்.2 கார்டு நேரடியாகப் பொருந்தாது; ஆன்டெனா முனையும் வேறு, எம்.2-ல் இன்னும் சிறியது. பழைய லெனோவோ, எச்பி மாடல்கள் சிலவற்றில் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள்) தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காமல், பிழை காட்டி நின்றுவிடும். இந்த வம்பெல்லாம் வேண்டாமென்றால் யூஎஸ்பி அடாப்டர் வாங்குங்கள், என் ஓட்டு அதற்குத்தான். உள்ளே கை வைப்பதென்றால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். ஆன்டெனா முனையை நேராக வைத்து அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும்.